ஊசி எத்தனை மணிக்கு?

மேடையில் அமர்ந்திருக்கும் முதன்மை மருத்துவர் அனிதா அம்மையார் அவர்களே, முன்வரிசையில் மகள் சௌந்தர்யாவோடு உட்கார்ந்திருக்கும் ஐயா நாச்சிமுத்து அவர்களே, டூட்டி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து சுவரோரம் நிற்கும் என் சக ஊழியர்களே, வயிற்றில் கட்டோடு மெதுவாக நடந்து வந்து உட்கார்ந்திருக்கும் நோயாளிகளே, அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்த சொந்தபந்தங்களே! இந்த மருத்துவமனையில் பதினேழு வருஷமாகக் கத்தி பிடிக்கும் குழந்தைவேலின் வணக்கம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பேசும்போது நான் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். மரியாதை தெரியாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது மணி ஐந்து பத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்னால் ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை. நேற்றுக் காலையிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். மைக்கைக் கையில் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களே! இந்தப் படத்தில் இருப்பவர் யார்? தொற்றுத் தடுப்புப் பிரிவின் செவிலியர் கண்காணிப்பாளர் திருமதி பாவாயி நாச்சிமுத்து. அது பலகையில் எழுதியிருக்கும் பெயர். நமக்கு அவர் பாவாயி சிஸ்டர். முப்பத்திரண்டு நாளைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், குமாரபாளையத்தில் தன் வீட்டு வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். பாலத்தைத் தாண்டி ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தேழு வயது! போகிற வயதா இது?

அவர் என்ன வேலை பார்த்தார் என்று இங்கே இருக்கிற பலருக்கு இன்னும் சரியாகத் தெரியாது. ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கேட்டால் சின்ன வேலை போல இருக்கிறது, இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். நன்றாகத் தைத்து, நன்றாக மருந்து கொடுத்தால் புண் தானாக ஆறிவிடும், இதற்கு ஒரு தனி ஆள் வேறா என்று கேட்டவன் நான். இதே கட்டடத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், கையில் ஒரு நோட்டோடு என் அறைக்கு வந்தார். இதோ, இந்த நோட்டுதான். நீல அட்டை, ஓரமெல்லாம் பிளாஸ்திரி ஒட்டியது. "சார், நீங்க ஆபரேஷன் பண்ணின நூறு பேருக்கு முப்பதாம் நாள் நானா போன் போட்டுப் பேசுனேனுங்க. அதுல பதினாலு பேருக்குச் சீழ் வச்சிருக்குதுங்க" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! என் கையில் பதினாலு சீழா? கத்தினேன். "என் பேஷண்ட் எவனாச்சும் திரும்பி வந்து என்கிட்ட சொன்னானா? ஒருத்தன் வந்தானா?" என்று மேசையைத் தட்டினேன். சிஸ்டர் பயப்படவில்லை, கோபப்படவும் இல்லை. "வர மாட்டாங்க சார். அதுதானுங்க பிரச்சினையே. நாளைக்கு உங்களுக்கு லீவுதானுங்களே, பரமத்தி வேலூர் வரைக்கும் போயிட்டு வரலாமுங்களா?" என்றார்.

போனேன். அவரைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. ஆற்றோரம் பொன்னன் என்று ஒருத்தர், வெற்றிலைக் கொடிக்கால் விவசாயி. குடலிறக்கத்துக்கு நான்தான் ஆபரேஷன் செய்திருந்தேன். ஐந்து வாரமாகிவிட்டது. சட்டையைத் தூக்கினார். கட்டு நனைந்திருந்தது. பக்கத்து ஊரில் யாரோ ஒருவரிடம் போய் தினமும் கட்டு மாற்றிக்கொண்டிருக்கிறார். ஏணி ஏறி வெற்றிலை கிள்ள முடியவில்லை. கொடிக்கால் முழுக்க இலை முற்றிக் கிடக்கிறது. "ஏனுங்க, எங்கிட்ட வரலையே?" என்றேன். அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க நல்லபடியாத்தான் பண்ணிவிட்டீங்க டாக்டரய்யா. வந்து சீழுன்னு சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமுல்லங்க?" என்றார். சொல்லிவிட்டு எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார்.

என் சங்கடத்துக்காக ஐந்து வாரம் சீழோடு இருந்திருக்கிறார்! நம் ஊர் மரியாதை இப்படித்தான் இருக்கிறது. டாக்டர் மனசு நோகக் கூடாது. டாக்டரும் என் கையில் சீழே பிடிக்காது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரியலாம். அந்த இளநீரை என்னால் குடிக்க முடியவில்லை. சிஸ்டர் வாங்கிக் குடித்தார். வண்டியில் வரும்போது ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. சங்ககிரி வருவதற்குள், "அடுத்து என்ன பண்றது சிஸ்டர்?" என்று நான்தான் கேட்டேன்.

என்ன செய்தார் தெரியுமா? ஒரு வாரம் காலை ஐந்தரைக்கே வந்து, ஆண்கள் வார்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கு எப்போது என்ன செய்கிறார்கள் என்று நேரம் போட்டு எழுதினார், அவ்வளவுதான். எட்டாம் நாள் வந்து, "ஆறு மணி ஊசிங்க சார்" என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் சீழ் பிடிக்காமலிருக்க ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போடுவோம். கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போட்டால்தான் அது முழுசாக வேலை செய்யும். நாம் எப்போது போட்டுக்கொண்டிருந்தோம்? அன்றைக்கு லிஸ்ட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் காலை ஆறு மணிக்கு! எட்டு மணி கேஸுக்கும் ஆறு மணி, மதியம் ஒரு மணி கேஸுக்கும் ஆறு மணி. ஏன்? ஏழு மணிக்கு டூட்டி மாறும். அடுத்து வருகிற சிஸ்டருக்கு வேலையை மிச்சம் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்ற நல்ல மனசு. எத்தனை வருஷமாக என்று யாருக்கும் தெரியாது. யாரும் தப்பு செய்யவில்லை. எல்லோரும் நல்லதே செய்துகொண்டிருந்தோம். கத்தி வைக்கும்போது மருந்து உடம்பில் இருக்காது.

சிஸ்டர் அந்த ஊசியை வார்டிலிருந்து பிடுங்கி, தியேட்டருக்குள் ஒரு பெட்டியில் வைத்தார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் மோகன்குமார்தான் அந்த ஊசியைப் போட வேண்டும். போட்ட நேரத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் கத்தி எடுக்கக் கூடாது. முதல் மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் சிஸ்டரே தியேட்டர் வாசலில் நின்றார், அப்புறமும் அடிக்கடி வந்து நிற்பார். நான் கையைக் கழுவி, கவுன் போட்டு, கத்திக்குக் கை நீட்டுவேன். வாசலிலிருந்து குரல் வரும். "ஊசி எத்தனை மணிக்கு, சார்?"

எரிச்சலாக இருக்கும். எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்! ஒரு நாள் மோகன்குமார் பதில் சொல்லவில்லை, வேறு எதிலோ இருந்தார். "போட்டாச்சு போட்டாச்சு, போங்க சிஸ்டர்" என்று நானே கத்தினேன். அவர் நகரவில்லை. "இழை அறுந்திருக்குதுங்க சார். தறியை நிறுத்துங்க" என்றார். அவர் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுபவர். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினால் துணி நெடுகக் கோடு விழும். இல்லீங்களா ஐயா? தலையாட்டுகிறார் பாருங்கள். நிறுத்தினேன். பார்த்தால், ஊசி போடவே இல்லை. மருந்து பெட்டியிலேயே இருந்தது. அன்றைக்கு மேசையில் படுத்திருந்தது ஆறு மாதக் குழந்தைக்குத் தாய்.

பிளேடால் மழிப்பதை ஒழித்தவரும் அவர்தான். ஆபரேஷன் என்றதும் வீட்டிலேயே வயிற்றை வழித்துவிட்டு, அங்கங்கே கீறலோடு வருவார்களே! அந்தக் கீறல்தான் கிருமிக்குக் கதவு என்று வெளிநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்து ஒவ்வொருத்தரிடமும் சொன்னார். சர்க்கரையைப் பரிசோதிக்காமல் யாரையும் மேசைக்கு அனுப்ப விட மாட்டார். முட்டைக் கதையை மட்டும் சொல்லாமல் போனால் இந்த வார்டுக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற ஒரு பெரிய மனுஷர். ஆபரேஷன் முடிந்து பத்தியம் என்று வெறும் ரசம் சோறு. முட்டை கொடுத்தால், "ஐயோ, சீழ் வைக்குமுங்க" என்று தட்டைத் தள்ளுகிறார். சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க சாமி, உங்க பண்ணையில எத்தன கோழிங்க?" "அது கெடக்குதுங்க எண்பதாயிரம்." "எண்பதாயிரம் கோழி முட்டைய ஊரெல்லாம் திங்கறதுக்கு அனுப்புவீங்க, உங்களுக்கு ஒண்ணு தின்னாச் சீழ் வைக்குமா? அப்ப ஊருக்கெல்லாம் சீழா வித்துட்டிருக்கறீங்க?" வார்டே சிரித்தது. அவர் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு முட்டை தின்றார். அடுத்த வாரத்திலிருந்து வார்டுக்கு முட்டை அட்டைகள் வந்து இறங்கின.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த முப்பதாம் நாள் போன். நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். "நான் ஆஸ்பத்திரியில இருந்து பாவாயி பேசறேனுங்க. புண்ணு எப்படி இருக்குதுங்க? நல்லாருக்குன்னு சும்மா சொல்லாதீங்க. சட்டையத் தூக்கிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கறேன்." இருப்பார். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரும் வரைக்கும் இருப்பார். நூற்றுக்குப் பதினாலு என்றிருந்தது, இரண்டு வருஷத்தில் மூன்றுக்கு வந்தது. அது என் கைத்திறமையா? இல்லை. அந்தப் போனும், அந்தக் கேள்வியும்.

சரி. மணி ஐந்து இருபத்தைந்து. இனி நான் சொல்லப்போவது இரங்கல் கூட்டத்தில் சொல்லக்கூடியதா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமல் இறங்கவும் என்னால் முடியாது.

சிஸ்டர் இறந்த மறுநாள் திங்கட்கிழமை. லிஸ்ட்டில் மூன்று ஆபரேஷன். பத்து மணிக்கு அடக்கம். தியேட்டர் ஆட்கள் எல்லோரும் குமாரபாளையம் போக வேண்டும். விடியற்காலை நான் வார்டுக்குப் போன் போட்டேன். ஜோதி சிஸ்டர் எடுத்தார். "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஊசியை வார்டுலயே போட்டுருங்க ஜோதி" என்றேன். அவர், "ஐயோ சார், சிஸ்டர் திட்டுவாங்களே" என்றார். போனை வைத்துவிட்டோம்.

அடக்கத்துக்குப் போனோம். அழுதோம். திரும்பினோம். சாவுக்குப் போய்விட்டு வந்தால் குளிக்காமல் எதையும் தொடக் கூடாது அல்லவா? அவரவர் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்தோம். ஒருத்தர்கூட அதை மறக்கவில்லை! கத்தி வைக்கும்போது மணி ஒன்று இருபது. ஊசி போட்டது ஆறு பத்து. வாசலில் குரல் வரவில்லை. நானும் கேட்கவில்லை. தலையில் ஈரம் காயாமல் நின்று அறுத்தேன்.

அன்றைக்கு மட்டும் என்று சொன்னேன். மறுநாள், 'இனி வார்டில் வேண்டாம், பெட்டியைத் தியேட்டருக்கே கொண்டுபோங்கள்' என்று யாராவது சொல்ல வேண்டாமா? நான் சொல்லவில்லை. ஜோதி சிஸ்டர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவருக்கு வந்த உத்தரவு என்னுடையது. நான் அதைத் திரும்பப் பெறவில்லை. ஒரு மாதத்தில் அறுபத்திரண்டு ஆபரேஷன். அதில் முப்பத்தெட்டுப் பேருக்கு ஆறு மணி ஊசி. ஏழு வருஷம் அவர் வாசலில் நின்று கட்டியதை, ஒரு போனில் கலைத்தவன் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

எப்படித் தெரிந்தது? நேற்றுக் காலை சௌந்தர்யா இந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா ஊட்டுல வச்சிருந்துச்சுங்க சார், உங்ககிட்டக் குடுக்கறதுதான் மொறைன்னு அப்பா சொன்னாங்க" என்றாள். சனிக்கிழமை வரைக்கும் சிஸ்டர் கையெழுத்து. அதற்கப்புறம் வெறும் தாள். சனிக்கிழமை வரியில் கடைசியாக ஒரு பெயர்: ராசம்மாள், திங்கட்கிழமை ஆபரேஷன். பக்கத்தில் முப்பதாம் நாளின் தேதியை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார். நேற்றைய தேதி. அடக்கம் முடிந்து வந்து நான் அறுத்தேனே, அதே ராசம்மாள். போன் போட்டேன்.

"யாருங்க? பாவாயி சிஸ்டருங்களா?" என்றது குரல். இல்லைம்மா, டாக்டர் என்றேன். "ஒரு வாரமா புண்ணுல சீழா வடியுதுங்க. முப்பதாம் நாளு சிஸ்டர் போன் பண்ணுவேன்னாங்க, அப்பச் சொல்லிக்கலாம்னு இருந்தேனுங்க" என்றார். சிஸ்டர் இல்லை என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஒரு வாரம் சீழோடு, இறந்துபோனவரின் போனுக்காகக் காத்திருந்திருக்கிறார்! இதைக் கேட்ட பிறகு ஒரு இடத்தில் நிற்க முடியுமா, சொல்லுங்கள்!

நேற்றே வரவழைத்துப் புண்ணைத் திறந்து சுத்தம் செய்தோம். இதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். 'சிஸ்டர் போட்டோவுக்கு நானும் ஒரு பூப் போடோணும்' என்று வீல்சேரில் வந்திருக்கிறார். உங்களைப் பற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்க, ஆனா உங்களுக்குச் சங்கடமா இருக்காதுங்களா?" என்றார். மறுபடியும் அதே வார்த்தை! ராசம்மா, சங்கடமாத்தான் இருக்குதுங்க. நல்லா இருக்கட்டும். எனக்குச் சங்கடமாக இருந்தால்தான் உங்களுக்குப் புண் ஆறும்.

மிச்சம் அறுபத்தோரு பேர். நேற்றிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். ஐம்பத்திரண்டு பேரிடம் பேசிவிட்டேன். ராசம்மாவையும் சேர்த்து ஆறு பேருக்குச் சீழ். ஒன்பது பேர் போனை எடுக்கவில்லை. அந்த ஒன்பது பெயர்களை வாசல் கதவில் ஒட்டியிருக்கிறேன். மல்லசமுத்திரம், எலச்சிபாளையம், பள்ளிபாளையம் பக்கத்துக்காரர்கள் இருந்தால், போகும்போது தயவுசெய்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். தெரிந்தவராக இருந்தால் வீட்டுக்குப் போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அனிதா அம்மா, இந்த மண்டபத்துக்குச் சிஸ்டர் பெயர் வைப்பதாக நீங்கள் அறிவித்தீர்கள். நல்ல மனசு, தலை வணங்குகிறேன். ஆனால் அவர் பார்த்த வேலையை மூன்று பேர் பகிர்ந்துகொள்வார்கள் என்று நேற்றுச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று பேர் பார்க்கிற வேலையை யாரும் பார்க்க மாட்டார்கள், அம்மா. இந்த ஒரு மாதமே சாட்சி. சுவரில் பெயரை அப்புறம் எழுதலாம். அந்த நாற்காலியில் முதலில் ஒரு ஆளைப் போடுங்கள். டாக்டர் கத்தினால் பயப்படாத ஆளாகப் பார்த்துப் போடுங்கள். போடும் வரை முப்பதாம் நாள் போன் என்னுடையது. இந்த நோட்டு என் பையில் இருக்கும். உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், சிஸ்டர் படத்தின் முன்னால் சொல்கிறேன்.

மணி ஐந்து முப்பத்தாறு. இனிக் காரணத்தைச் சொல்கிறேன். மேலே தியேட்டரில் ஈஸ்வர் என்ற தம்பி படுத்திருக்கிறார். திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் லாரியில் வேலை. மதியம் குடல்வால் வலியோடு வந்தார். ஆறு மணிக்குக் கத்தி வைக்க வேண்டும். மோகன்குமார் அங்கே காத்திருக்கிறார். ஊசிப் பெட்டி நேற்றே தியேட்டருக்குத் திரும்பிவிட்டது. ஆனால் பெட்டி மட்டும் போதாது என்பது உங்களுக்கும் எனக்கும் இப்போது தெரியும். நான் கவுன் போட்டுக் கை நீட்டும்போது வாசலில் யார் நிற்பீர்கள்? நான் எரிந்து விழுவேன், என் குணம் அது. அதற்கப்புறமும் யார் கேட்பீர்கள்?

என்ன... ஜோதி சிஸ்டர், நீங்களா? ஏங்க அழறீங்க? அழுதுக்கிட்டே வேண்டாம். சத்தமாகக் கேளுங்கள், கடைசி வரிசையில் ராசம்மாவுக்குக் கேட்கட்டும். ஐயா நாச்சிமுத்துவுக்குக் கேட்கட்டும். ம், கேளுங்கள்.

"ஊசி எத்தனை மணிக்கு, சார்?"

இன்னும் போடலைங்க சிஸ்டர். வாங்க, போலாம்.